பெர்லினிலிருந்து போட்ஸ்டாமுக்கு அரைநாள் வழிகாட்டிச் சுற்றுலா: சேர்வதா, தனியாகச் செல்வதா?

தென்பெண்ணை எழுதியது:

செப்டம்பர் மாதத்தில் பெற்றோருடன் பெர்லின் செல்லவிருக்கிறேன். ஒரு நாளின் முற்பகலைப் போட்ஸ்டாமுக்கு ஒதுக்க எண்ணியிருக்கிறோம். அன்று மாலை பெர்லினில் வேறு அலுவல் இருப்பதால் முழுநாளும் அங்கே தங்க இயலாது. இணையத்தில் தேடியபோது அரைநாள் சுற்றுலாக்கள் இரண்டு வகையாகத் தென்பட்டன. ஒன்று, மேற்கு பெர்லினிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்று நகரைச் சுற்றிக் காட்டி, சான்சூசி அரண்மனையில் இறக்கிவிடுவது. மற்றொன்று, வழிகாட்டியுடன் ரயிலில் சென்று நகரத்தையும் பூங்காவையும் நடந்தே பார்ப்பது.

என் தந்தை வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1945-இல் மூன்று வல்லரசுகளின் தலைவர்கள் கூடிப் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நிதானமாக நடப்பார், படிகள்தாம் சிரமம். இந்த இருவருக்கும் பொருந்துமாறு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹாவெல்கரை எழுதியது:

பெர்லினில் வசிப்பவன் என்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் போட்ஸ்டாமுக்கு அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சான்சூசி பூங்கா மட்டுமே ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரப்புடையது. அதன் கிழக்கு முனையில் சான்சூசியும் மேற்கு முனையில் புதிய அரண்மனையும் இருக்க, இரண்டுக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர் நேர்ச்சாலை நீள்கிறது. மாநாடு நடந்த செசிலியன்ஹோஃப் அரண்மனையோ நகரின் வடக்கே, ஏரிக்கரையிலுள்ள புதிய தோட்டம் என்ற வேறொரு பூங்காவில் இருக்கிறது. ஆகவே 'அரைநாளில் போட்ஸ்டாம்' என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், ஒன்றை இறங்கிப் பார்க்கலாம், மற்றதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கலாம் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

பேருந்துச் சுற்றுலாக்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அரண்மனைக்குள் நுழையும் சீட்டு கட்டணத்தில் அடங்குமா என்பதே. சான்சூசியில் நேரம் குறித்த நுழைவுச்சீட்டுதான் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு நேரத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே உள்ளே விடுவார்கள்; கோடையில் அன்றைய சீட்டுகள் காலையிலேயே தீர்ந்துவிடுவது உண்டு. உள்ளே செல்லாத சுற்றுலா மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது கேள்வி கிழமை பற்றியது. சான்சூசிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. புதிய அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை. பூங்காவுக்கு மட்டும் எந்நாளும் கட்டணமின்றிச் செல்லலாம்.

தாயாரைப் பொறுத்தவரை பேருந்தே ஏற்றது. நடைச்சுற்றுலாவில் சென்றால் நகர மையம், பூங்கா, அரண்மனை வாசல் என்று மணிக்கணக்கில் நடையும் நிற்றலுமாகவே இருக்கும். வழிகாட்டி ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் பத்து நிமிடம் பேசுவார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட அப்படி நிற்பதுதான் கடினம்.

நிழற்படப்பெட்டி எழுதியது:

வழிகாட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. பெர்லின் மைய ரயில் நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் போட்ஸ்டாம் மைய நிலையத்தை அடையலாம். எஸ்-7 நகர ரயில் சற்று மெதுவாகச் செல்லும். நிலையத்துக்கு வெளியே 695 எண் பேருந்தில் ஏறினால் சான்சூசியின் பின்வாசலுக்கு அருகிலேயே இறங்கிக்கொள்ளலாம். உள்ளே ஒலிவழிகாட்டிக் கருவி தருகிறார்கள். அதைக் காதில் வைத்துக்கொண்டு நம் விருப்பம்போல் நிற்கலாம், நகரலாம். சுற்றுலாப் பேருந்தில் சென்றால், வெயில் சரியாக விழும் நேரத்தில் 'எல்லோரும் வண்டிக்குத் திரும்புங்கள்' என்று கூப்பிடுவார்கள். படம் எடுக்க விரும்புகிறவருக்கு அதைவிட வேதனை வேறில்லை.

படிகளைப் பற்றி ஒரு செய்தி. சான்சூசி என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றுவது ஆறு அடுக்குத் திராட்சைத் தோட்டமும் அதன் நடுவே ஏறும் நீண்ட படிவரிசையும்தான். ஆனால் 695 பேருந்து நிற்பது மலையின் மேற்புறத்தில். அங்கிருந்து அரண்மனை முற்றத்துக்குச் சமதரையிலேயே நடந்துவிடலாம். கீழே நீரூற்று வரை இறங்கிப் பார்க்க விரும்பினால், படிகளுக்கு இருபுறமும் சாய்தளப் பாதைகள் இருக்கின்றன.

கல்வெட்டு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் சொல்வது சான்சூசியின் உட்புறத்துக்குப் பொருந்தும், ஊருக்குப் பொருந்தாது. அரண்மனையின் உள்ளே கண்ணுக்குத் தெரிவதை ஒலிக்கருவி விளக்கிவிடும். ஆனால் போட்ஸ்டாம் நகரம் 1945 ஏப்ரல் 14 அன்று இரவு குண்டுவீச்சில் நொறுங்கி, பின்னர் கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் எஞ்சியவற்றில் பலவற்றையும் இடித்து, ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு மறுபடியும் கட்டப்பட்ட ஊர். பழைய சந்தைச் சதுக்கத்தில் நின்று பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டு அரண்மனை போலத் தெரிவது, 2014-இல் திறக்கப்பட்ட பிராண்டன்பர்க் மாநிலச் சட்டமன்றம். எதிரே பழைய மாளிகை போல நிற்கும் பார்பெரினி அருங்காட்சியகம் 2017-இல் திறக்கப்பட்டது. எது பழையது, எது பழையது போன்றது என்பதைச் சொல்ல ஒருவர் உடன் இல்லாவிட்டால், நாம் பார்ப்பது எந்த நூற்றாண்டு என்றே தெரியாமல் திரும்பிவிடுவோம். அழகாக இருக்கிறது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும்.

அதே நேரத்தில் வழிகாட்டிகள் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. சான்சூசிக்கு அருகிலுள்ள காற்றாலையின் முன் நின்று அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆலையின் இரைச்சல் தாங்காமல், சான்சூசியைக் கட்டிய பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் அதை விலைக்குக் கேட்டாராம். ஆலைக்காரர் மறுக்க, 'விலையே தராமல் பறித்துக்கொள்ள எனக்கு அதிகாரம் உண்டு' என்று அரசர் மிரட்டினாராம். 'பெர்லினில் நீதிமன்றம் இல்லாதிருந்தால் அது நடக்கும், அரசே' என்று ஆலைக்காரர் பதில் சொன்னாராம். அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதற்குச் சான்றாக இந்தக் கதையை மெய்சிலிர்க்கச் சொல்வார்கள். இப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை. நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது. 1779-இல் ஆர்னால்டு என்ற வேறொரு ஆலைக்காரரின் வழக்கில், தீர்ப்பு தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக பிரெடரிக் தாமே தலையிட்டு நீதிபதிகளைச் சிறைக்கு அனுப்பினார். அவர் இறந்த பிறகுதான் அந்த நீதிபதிகளுக்கு நியாயம் கிடைத்தது. அந்தக் காற்றாலையும் 1945-இல் எரிந்து, 1993-இல் மீண்டும் கட்டப்பட்டதே.

பாக் கதையும் அப்படித்தான். இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் 1747 மே மாதம் பிரெடரிக்கைச் சந்தித்து, அரசர் கொடுத்த ஒரு மெட்டை அங்கேயே விரித்து வாசித்தது உண்மை. சான்சூசியின் இசைக்கூடத்தில் நின்றபடி 'இங்கேதான் அது நடந்தது' என்று சொல்லும் வழிகாட்டிகளைக் கேட்டிருக்கிறேன். சந்திப்பு நடந்தது நகர அரண்மனையில். அதாவது, இன்று சட்டமன்றம் நிற்கும் இடத்தில். உங்கள் தந்தை வரலாற்று ஆசிரியர் என்பதால் இவற்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சுற்றுலாவின் நடுவில் வாக்குவாதம் மூண்டால் சுவையாகத்தான் இருக்கும், பேருந்துதான் தாமதமாகும்.

ஹாவெல்கரை எழுதியது:

கல்வெட்டு அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் ஒரு நல்ல வழிகாட்டி சான்சூசியின் வெளிப்புறத்திலேயே காட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. கீழே நீரூற்றுக்கு அருகில் நின்று மேலே பாருங்கள். அரண்மனையின் அடிப்பாகம் தெரியாது. மேல் அடுக்கின் விளிம்பு அதை மறைத்துவிடும், கட்டடம் தரைக்குள் அமிழ்ந்தது போலத் தோன்றும். கட்டடக்கலைஞர் க்னோபெல்ஸ்டோர்ஃப் இதை முன்பே கணித்து, கட்டடத்தை உயர்ந்த அடித்தளத்தின் மீது எழுப்ப வேண்டும் என்று வாதிட்டார். அரசர் மறுத்துவிட்டார். அறையிலிருந்து படி இறங்காமல் நேராகத் தோட்டத்துக்குள் கால் வைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1745-இல் தொடங்கி 1747-இல் முடிந்த அந்த ஒரே தள வீட்டைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஊரார் பார்த்து வியப்பதற்கென்று அவர் கட்டியது புதிய அரண்மனை; தாம் வாழ்வதற்கென்று கட்டியது இது.

தாயார் கீழே இறங்க வேண்டியதில்லை. மேல் அடுக்கிலேயே, அரண்மனையின் கிழக்கு ஓரத்தில், பிரெடரிக்கின் கல்லறை இருக்கிறது. பெயர் மட்டும் வெட்டப்பட்ட வெறும் கற்பலகை; பக்கத்திலேயே அவர் வளர்த்த வேட்டைநாய்களின் பலகைகள். பலகையின் மேல் பெரும்பாலும் சில உருளைக்கிழங்குகள் கிடக்கும். 1756-இல் உருளைக்கிழங்கு பயிரிடுமாறு அவர் ஆணை பிறப்பித்ததை நினைத்து வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போவது. சில கிழங்குகளில் மண்கூட உதிராமல் இருக்கும், சில முளைவிட்டிருக்கும்.

கல்வெட்டு எழுதியது:

அந்தக் கல்லறையை வைத்தே போட்ஸ்டாமின் இருநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிடலாம். நாய்களுக்கு அருகே, ஆடம்பரம் இல்லாமல், இரவில் புதைக்க வேண்டும் என்று பிரெடரிக் எழுதி வைத்திருந்தார். 1786 ஆகஸ்ட் 17 அன்று சான்சூசியிலேயே இறந்தார். அடுத்து வந்த அண்ணன் மகன்... இல்லை, தம்பி மகன் அதைப் பொருட்படுத்தாமல், அவர் வாழ்நாளெல்லாம் அஞ்சி வெறுத்த தந்தையின் பக்கத்திலேயே, நகரின் காவற்படைத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். அதே தேவாலயத்தின் முன்புதான் 1933 மார்ச் 21 அன்று ஹிட்லர் முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையைக் குனிந்து குலுக்கிப் பழைய பிரஷ்யாவின் வாரிசாகத் தம்மைக் காட்டிக்கொண்டார். போர் முற்றியபோது சவப்பெட்டிகளை அங்கிருந்து அகற்றி, ஓர் உப்புச் சுரங்கத்தில் ஒளித்தார்கள். அமெரிக்கப் படையினர் கண்டெடுத்து மார்பர்க் நகருக்குக் கொண்டு சென்றார்கள். பிறகு தெற்கே ஹோஹென்சொல்லர்ன் கோட்டை. கடைசியில் 1991 ஆகஸ்ட் 17 நள்ளிரவில், அவர் கேட்ட இடத்தில் கேட்டபடி வைத்தார்கள். 205 ஆண்டுகள் பிடித்தன.

காவற்படைத் தேவாலயத்தின் இடிபாடுகளை 1968-இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. கோபுரத்தை மட்டும் மீண்டும் எழுப்பி 2024-இல் திறந்திருக்கிறார்கள். 57 மீட்டர் உயரத்தில் பார்வை மேடையும் உண்டு. எழுப்பியிருக்கவே கூடாது என்பவர்கள் ஊரில் பலர். பல அரைநாள் சுற்றுலாக்கள் இந்த வழியாகச் செல்லும்போது 'பரோக் பாணிக் கோபுரம்' என்று ஒற்றை வரியோடு கடந்துவிடுகின்றன. உங்கள் தந்தை இங்கே ஒரு கேள்வி கேட்கட்டும். அதற்கு வரும் பதிலை வைத்தே வழிகாட்டியின் தரத்தை எடைபோட்டுவிடலாம்.

தென்பெண்ணை எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. தந்தையிடம் ஆலைக்காரர் கதையைச் சொன்னேன். அவர் இப்போதே வழிகாட்டிக்குக் கேள்விகளைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார். செசிலியன்ஹோஃபைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? ஒரு பேருந்துச் சுற்றுலாவின் விவரத்தில் 'செசிலியன்ஹோஃப் (வெளியிலிருந்து)' என்று போட்டிருக்கிறது. அது எதனால்?

ஹாவெல்கரை எழுதியது:

செசிலியன்ஹோஃப் 2024 நவம்பர் முதல் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருக்கிறது. பணி சில ஆண்டுகள் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். புறப்படும் முன் அரண்மனைகளை நிருவகிக்கும் அறக்கட்டளையின் இணையதளத்தில் நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால், வழக்கமாக எல்லோரும் பார்க்கும் அந்தப் பெரிய வட்டமேசையைக் காண இயலாது.

ஆனால் தந்தையின் ஆசை வீணாக வேண்டியதில்லை. 1945 ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை கூட்டங்கள் நடந்தது செசிலியன்ஹோஃபில். தலைவர்கள் தங்கியிருந்தது அங்கே அல்ல. பாபெல்ஸ்பர்க் பகுதியில், கிரீப்னிட்ஸ் ஏரிக்கரையிலிருந்த மாளிகைகளில் தங்கினார்கள். ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில் மூவரும் தங்கிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. இன்று தனியார் பயன்பாட்டில் இருப்பதால் தெருவிலிருந்துதான் பார்க்கலாம். எஸ்-7 ரயிலில் கிரீப்னிட்ஸே நிலையத்தில் இறங்கினால் நடந்து செல்லும் தூரமே. ட்ரூமன் தங்கிய வீட்டின் எதிரே ஹிரோஷிமா-நாகசாகி சதுக்கம் என்ற சிறிய இடம் இருக்கிறது. போட்ஸ்டாமில் இருந்த நாட்களில்தான் அணுகுண்டு முடிவின் இறுதிக்கட்டம் நகர்ந்தது. ஜூலை 24 அன்று புதிய ஆயுதம் ஒன்று கைவசம் இருப்பதை ட்ரூமன் ஸ்டாலினிடம் போகிறபோக்கில் சொன்னார். ஜூலை 26 அன்று ஜப்பானைச் சரணடையக் கோரும் அறிக்கை வெளியானது. அதே நாளில் பிரிட்டனில் தேர்தல் முடிவு வந்து சர்ச்சில் பதவி இழந்தார். மிச்சக் கூட்டங்களுக்கு அவர் நாற்காலியில் புதிய பிரதமர் அட்லீ வந்து அமர்ந்தார். எந்த அரைநாள் சுற்றுலாவும் இந்தத் தெருவுக்கு வருவதாகத் தெரியவில்லை. மேசையைவிட இந்தத் தெரு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நிழற்படப்பெட்டி எழுதியது:

இருபதாம் நூற்றாண்டுதான் வேண்டும் என்றால் கிளீனிக்கே பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். பேருந்துச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் நகருக்குள் நுழையும். வண்டியிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைக்கலாம், ஆனால் அரை நிமிடத்தில் கடந்துவிடும். 1962, 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் உளவாளிகளைக் கைமாற்றிய இடம் அது. நடுவே நின்று இரும்புச் சட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பாதியின் பச்சை மறுபாதியின் பச்சையிலிருந்து சற்று வேறுபட்டிருப்பது தெரியும். ஒரு பாதி மேற்கு பெர்லினுக்கும் மறுபாதி கிழக்கு ஜெர்மனிக்கும் உரியதாக இருந்ததன் அடையாளம். தனியாகச் செல்கிறவர்கள் வான்ஸே நிலையத்திலிருந்து 316 பேருந்தில் பாலம் வரை வந்து, நடந்து கடந்து, மறுகரையில் 93 டிராமில் ஏறி நகருக்குள் செல்லலாம்.

மணற்கேணி எழுதியது:

பேருந்துச் சுற்றுலாவில் பெற்றோரை அழைத்துச் சென்றவள் என்ற முறையில் சில நடைமுறைச் செய்திகள். அரைநாள் என்பது காலையில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதில் பெர்லினிலிருந்து போகவும் வரவுமே கணிசமான நேரம் கரைந்துவிடும். நகரில் டச்சுக் குடியிருப்பு, போட்ஸ்டாமின் சொந்த பிராண்டன்பர்க் வாயில் (பெர்லினிலுள்ளதைவிட இது மூத்தது, 1770-71-இல் கட்டியது) ஆகியவற்றை வண்டியிலிருந்தபடியே காட்டினார்கள். டச்சுக் குடியிருப்பில் செங்கல் வீடுகளுக்கு இடையே உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும் என்று என் தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார், நேரமில்லை. எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு செய்தியையும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னதால், கேட்கக் கிடைத்தது பாதிதான். பதிவு செய்யும்போதே ஒரே மொழிச் சுற்றுலாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்குள் உட்காரும் இடம் அரிது. பூங்காவில் இருக்கைகளுக்குக் குறைவில்லை. அரண்மனைக்குச் செல்வதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வதும் முக்கியம்; அதை யாரும் எழுதுவதில்லை.

தென்பெண்ணை எழுதியது:

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். உள்நுழைவுச்சீட்டு அடங்கிய, ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் பேருந்துச் சுற்றுலாவைப் புதன்கிழமை காலையில் எடுத்துக்கொள்கிறோம். தாயாருக்கு அதுவே போதும். கல்லறையின் உருளைக்கிழங்கைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்கிறார். மற்றொரு நாள் பிற்பகலில் தந்தையும் நானும் மட்டும் எஸ்-7 ரயிலில் கிரீப்னிட்ஸே சென்று அந்த மாளிகைகளைப் பார்த்துவிட்டு வருகிறோம். அதற்கு வழிகாட்டி தேவைப்படாது, தந்தையே வழிகாட்டி. அந்த ரயிலுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டுமா?

ஹாவெல்கரை எழுதியது:

நல்ல ஏற்பாடு. கிரீப்னிட்ஸே போட்ஸ்டாமைச் சேர்ந்தது என்பதால் பெர்லினின் ஏ, பி கட்டண மண்டலங்களுக்கான சீட்டு செல்லாது. ஏ-பி-சி மண்டலச் சீட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே ஏ-பி சீட்டு கையில் இருந்தால், சி மண்டலத்துக்கான இணைப்புச் சீட்டு வாங்கினால் போதும். நடைமேடையில் உள்ள முத்திரைப் பெட்டியில் சீட்டை நுழைத்து நேர முத்திரை குத்திக்கொண்ட பிறகே ரயிலில் ஏறுங்கள். பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். முத்திரையில்லாத சீட்டைச் சீட்டாகவே மதிக்க மாட்டார்கள்.